கணித ஆராய்ச்சி மாணவன்

சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவருக்கு, அவர் எந்தப் பட்டமும் பெறாதவர் என்ற தடையையும் பொருட்படுத்தாமல், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளிப்பதென்று 1913ஆம் ஆண்டில் சென்னை சர்வகலாசாலை தீர்மானித்தது. அந்த இளைஞர் ஸ்ரீநிவாச ராமாநுஜன் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும், அந்த உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த நிபந்தனையைப் பற்றி நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்பதில்லை. இன்ன பாடத்தைப் படித்தாக வேண்டும் என்பதும் இல்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, தாம் கண்டது என்ன என்பதை அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். மறு ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்குள் ராமாநுஜன் அத்தகைய அறிக்கைகள் மூன்றைச் சமர்ப்பித்துவிட்டார். அவருடைய மேதைமையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை; எனக்கோ, உத்தியோகஸ்தர்கள் சிலர் கூடி வகுத்த இந்தச் சிறு நிபந்தனையே பெரும் வியப்பைத் தருகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வழிசெய்துவிட்டு, காலத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, என்ன கண்டாய் என்று மட்டும் கேட்பது என்பதே, அன்று முதல் இன்று வரை, ஓர் ஆராய்ச்சி மாணவனுக்கு ஒரு தேசம் செய்யக்கூடிய உபகாரம் முழுவதும் ஆகும்.

கணிதத்தில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் படித்தவர்களிலேயே அநேகர். இரண்டும் இரண்டும் நான்கு என்பது என்றோ முடிந்துபோன சங்கதி. அதற்கு மேல் புதிதாக எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்பது அவர்களுடைய சந்தேகம். இதற்கு ராமாநுஜனுடைய கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியிலிருந்தே விடை சொல்லலாம். 12 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்ற ஆறு எண்கள் அதை மீதியின்றி வகுக்கின்றன; அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் கிடையா. இவ்வாறு தனக்கு முந்திய எண்கள் அனைத்தையும் வகுஎண் தொகையில் விஞ்சி நிற்கும் எண்கள் 12க்குப் பின் 24, 36, 48, 60, 120 என்று வருகின்றன. ஒரு மணியை 60 நிமிஷமாகப் பகுத்த பழங்காலத்தவருக்கு இதன் சௌகரியம் தெரிந்தே இருக்க வேண்டும். இந்தச் சில எண்களைக் கண்டுபிடிக்க ஆரம்பப் பள்ளி மாணவனே போதும். ஆனால் எண்கள் கோடிக்கும் அப்பால் வளர்ந்து போகும்போது இத்தகையவை எவ்வளவு அருகிப் போகின்றன, அவற்றைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் எந்தப் பகா எண் எத்தனை முறை வரும் என்று கேட்கத் தொடங்கினால், அங்கே பள்ளிக்கூடம் முடிந்து ஆராய்ச்சி தொடங்குகிறது. இவ்வெண்களைப் பற்றி ராமாநுஜன் எழுதிய கட்டுரையை 1915இல் லண்டன் கணித சங்கம் பிரசுரித்தது; போர்க்காலத்தில் அச்சங்கத்துக்கு ஏற்பட்டிருந்த பணமுடையினால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் இந்த ஆராய்ச்சிக்காகவே அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. இன்று நாம் பிஎச்.டி. என்று சொல்லும் பட்டம் அப்பொழுது அங்கே ஏற்படவே இல்லை.

இக்காலத்து மாணவனுடைய பாதை இதைவிடச் செப்பனிடப்பட்டது; சுங்கச்சாவடிகளும் அதற்கேற்ப அதிகம். எம்.எஸ்ஸி. முடித்ததும் நெட் பரீட்சையோ, தேசிய உயர்கணித வாரியத்தின் பரீட்சையோ எழுதித் தேறி, நேர்காணலுக்குப் போய், இடம் கிடைத்தபின் கோர்ஸ் ஒர்க் என்ற பெயரில் மீண்டும் வகுப்பில் உட்கார்ந்து, அதன் பிறகே 'கைடு' என்று எல்லோரும் சொல்லும் வழிகாட்டியின் கீழ் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ள வேண்டும். நெட் மூலம் வருபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப்பின் 42,000 ரூபாயும் உபகாரச் சம்பளம். ஐந்தாண்டு வாக்கில் சினாப்சிஸ், ஆய்வேடு, வைவா என்று காரியம் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. முடிகிறதா என்பது வேறு விஷயம்.

இந்த ஐந்தாண்டில் அவன் நாள் முழுவதும் என்னதான் செய்கிறான்? ரசாயன மாணவனுக்குக் குடுவை உண்டு, விலங்கியல் மாணவனுக்குத் தவளை உண்டு. கணித மாணவனுக்குக் காகிதமும் கரும்பலகையும் தவிர வேறு உபகரணம் இல்லையாதலால், அவன் வேலை செய்கிறானா, சும்மா இருக்கிறானா என்பது வீட்டாருக்கு மட்டுமன்று, சில சமயம் அவனுக்கே விளங்குவதில்லை. ஒரு பக்கத்தை மூன்று நாள் படிக்கிறான். ஓர் ஊகம் தோன்றுகிறது. அதைச் சோதிக்க உதாரணங்களைச் செய்து பார்க்கிறான். உதாரணங்களை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு கணித மேதை ஆய்லர் காலத்திலிருந்து பிரசித்தி பெற்ற ஒரு சங்கதி உண்டு. ஏதேனும் ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும் கூட்டி, மேலும் 41ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1க்கு 43, 2க்கு 47, 3க்கு 53 என்று வருபவை யாவும் பகா எண்கள். நான்கு, ஐந்து, ஆறு என்று போய் 39 வரைக்கும் இந்த விதி பொய்க்காமல் நிற்கிறது. இனி நிரூபணம் எதற்கு என்று ஆயாசப்பட்டு எழுந்திருக்கும் வேளையில் 40 வந்து சேர்கிறது: 1,600உடன் 40உம் 41உம் சேர்ந்தால் 1,681, அது 41ஐ 41ஆல் பெருக்கியது! முப்பத்தொன்பது சாட்சிகள் ஒரே குரலில் சொன்னதை நாற்பதாவது சாட்சி கவிழ்த்துவிடுகிறது. இவ்வாறு தன் ஊகத்தைத் தானே கொன்ற நாளை வீணான நாள் என்று நினைக்காதிருக்கக் கற்றுக்கொள்பவனே இந்த வித்தையில் நிலைக்கிறான். கற்றுக்கொள்ளாதவன் இரண்டாம் ஆண்டில் பாங்குப் பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிறான். அதிலும் தவறில்லை.

கணித உலகில் சுத்த கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டு பிரிவுகள் சொல்வார்கள். பயனைக் கருதாது உண்மைக்காகவே செய்வது முன்னது. பௌதிகத்துக்கோ, பொறியியலுக்கோ, வியாபாரத்துக்கோ உதவச் செய்வது பின்னது. பட்டத்துக்குச் சேரும் மாணவனை இந்த இரண்டில் எது என்று முதல் நாளே கேட்டுப் பதிவு செய்துகொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவன் சொல்லும் பதிலை அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை என்பதற்கு, கல்கத்தாவை அடுத்த பாராநகரில் 1959 முதல் 1963 வரை நிகழ்ந்ததைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது.

புள்ளிவிவர அறிஞர் மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய, பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளிவிவர நிலையத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைப் பார்லிமெண்டு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அளித்தது. அதே ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளிவிவர இயலில் ஆனர்ஸ் முடித்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அங்கே ஆராய்ச்சி மாணவனாகப் போய்ச் சேர்ந்தான். பொன்னேரி போர்டு உயர்நிலைப் பள்ளியில் தலைமை வகித்த ஆசிரியரின் மகன். பள்ளிப் பருவத்தில், விடுமுறை நாட்களில் மாணவர்கள் சிலரை வீட்டுக்கு வரவழைத்துக் கணக்கை விளையாட்டாகப் போடச் சொன்ன ஓர் ஆசிரியரிடம் பயின்றவன். தொழிற்சாலையில் உற்பத்தியாகும் சரக்கின் தரத்தைப் புள்ளிவிவர முறையில் கட்டுப்படுத்தும் வித்தையைக் கற்று, ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கலாம் என்பதே அப்போது அவனுக்கு இருந்த உத்தேசம். இதைவிடப் பிரயோகமான கணிதம் வேறு இருக்க முடியாது. அந்தப் பையன்தான், 2007ஆம் ஆண்டில் கணித உலகின் மிக உயர்ந்த கௌரவங்களுள் ஒன்றாகிய ஆபெல் பரிசைப் பெற்ற எஸ். ஆர். ஸ்ரீநிவாச வரதன்.

உத்தேசத்தை மாற்றியது எந்தப் பேராசிரியரின் உபதேசமும் அன்று. அங்கே அவருக்குச் சற்று மூத்த மாணவர்களாக இருந்த கே. ஆர். பார்த்தசாரதியும் ஆர். ரங்கராவும்தான். தர நிர்ணயத்தில் மனம் ஒட்டாமல் சில மாதங்களைக் கழித்த வரதன் இவ்விருவரோடும் சேர்ந்துகொண்டார்; சில ஆண்டுகளை அமெரிக்காவில் கழித்துத் திரும்பிய வி. எஸ். வரதராஜன் நான்காமவராக வந்து சேர்ந்தார். வழிகாட்டியாகப் பதிவேட்டில் இருந்தவர் புள்ளிவிவர இயலில் மகா நிபுணராகிய சி. ஆர். ராவ், ஆனால் அவருடைய துறை வேறு, இவர்கள் பிடித்துக்கொண்ட துறை வேறு. தம் துறைக்குள் இழுத்துப் போடாமல் அவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டது அவருடைய பெருந்தன்மை. ஒருவர் ஒரு நூலைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வது, சொல்லும்போது இடறும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து நின்று யோசிப்பது, மறுநாள் வேறொருவர் தொடர்வது என்று, ஆசிரியர் இல்லாமலே ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. கற்பித்தவர்களும் அவர்களே, கற்றவர்களும் அவர்களே.

அவர்கள் யோசித்தது எதைப் பற்றி என்பதைச் சாதாரண வாசகருக்கும் ஒருவாறு சொல்லிவிடலாம். ஒரு நேர் சாலையில் நின்றுகொண்டு, நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் முன்னே ஓர் அடியும், பூ விழுந்தால் பின்னே ஓர் அடியும் வைத்துக்கொண்டே போனால், நெடுநேரத்துக்குப்பின் நாம் எங்கே இருப்போம் என்பதன் நிகழ்தகவு ஒரு மணியின் வடிவத்தில் பரவி நிற்கும். இது பழைய தேற்றம். சாலைக்குப் பதிலாகக் கடிகாரத்தின் முகத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பகடையை உருட்டி, விழுந்த எண்ணளவு முள்ளை நகர்த்திக்கொண்டே போனால், முள் ஒன்றில் நிற்பதற்கும் ஏழில் நிற்பதற்கும் கடைசியில் வித்தியாசமே இல்லாமல் போய், பன்னிரண்டு இடங்களுக்கும் சமமான வாய்ப்பு ஏற்பட்டுவிடும். சாலை ஒரு விதமாகவும் வட்டம் வேறு விதமாகவும் நடந்துகொள்வானேன்? சாலை, வட்டம் போன்ற யாவற்றையும், கணிதத்தில் குலம் என்று வழங்கும் ஒரே பொது அமைப்பின் வகைகளாகக் கொண்டு, அவற்றின் மீது தற்செயல் எப்படிப் பரவுகிறது என்பதைப் பொதுவாகவே ஆராய முற்பட்டார்கள். பார்த்தசாரதி, ரங்கராவ், வரதன் ஆகிய மூவரின் பெயரிலும் 1963இல் வெளியான கட்டுரையின் விஷயம் இதுதான். வரதனுடைய ஆய்வேடும் இதே திசையில் அமைந்தது. தொழிற்சாலைச் சரக்கைச் சோதிக்க வந்தவர், தொழிற்சாலைக்கும் தமக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லாத தூரத்துக்குப் போய்விட்டார்.

1962இல் நிகழ்தகவு இயலின் பிதாமகர் என்று சொல்லத்தக்க ருஷ்யப் பேராசிரியர் கோல்மகோரோவ் அந்த நிலையத்துக்கு விஜயம் செய்தார். வரதனுடைய பரீட்சகர்களுள் அவரும் ஒருவர். அவர் முன்னிலையில் தம் ஆராய்ச்சியை எடுத்துரைக்கும் பாக்கியம் வரதனுக்குக் கிடைத்தது. ஒரு மணி நேரம் பேச வேண்டியவர், உற்சாகத்தில் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டார். சபையில் சிலர் நெளியத் தொடங்கினர். பேச்சு முடிந்ததும் கோல்மகோரோவ் ஏதோ சொல்வதற்காக எழுந்தார். அதற்குள் சிலர் எழுந்து வெளியே போகத் தொடங்கிவிட்டனர். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த சாக்குக்கட்டியைத் தரையில் ஓங்கி எறிந்துவிட்டு விடுவிடென்று வெளியேறினார். பட்டம் போயிற்று என்றே வரதன் எண்ணினார். மாணவர்கள் கூட்டமாக அவர் தங்கியிருந்த இடத்துக்கு ஓடினார்கள். அதிக நேரம் எடுத்துக்கொண்டதற்கு வரதன் மன்னிப்புக் கேட்டபோது, ருஷ்யாவில் எங்கள் கூட்டங்கள் மூன்று மணி நேரம் நடக்கும், உன்மேல் எனக்குக் கோபமில்லை, கோல்மகோரோவ் பேச எழுந்த பிறகு எழுந்து போனவர்கள் மேல்தான் கோபம் என்ற கருத்துப்பட அவர் பதில் சொன்னாராம். இந்தக் கதையைப் பிற்காலத்தில் வரதனே சொல்லியிருக்கிறார். 1963இல் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே அவர் நியூயார்க்கிலுள்ள கூரண்ட் கணித நிலையத்துக்குப் புறப்பட்டார்.

அங்கே போனபின் நடந்ததுதான் நம் வாதத்துக்கு முக்கியம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழுவது சர்வ சாதாரணம். நூற்றுக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு தடவை அப்படி நேரும். நூறு முறை சுண்டினால் அறுபது தலைக்குக் குறையாமல் விழுவது நூற்றுக்கு மூன்று தடவைகூட நேராது. ஆயிரம் முறை சுண்டினால் அறுநூறு தலைக்குக் குறையாமல் விழுவது, ஏறத்தாழ 730 கோடியில் ஒரு தடவைதான். விகிதம் அதே பத்துக்கு ஆறுதான். வாய்ப்போ இப்படி அதலபாதாளத்தில் விழுகிறது. இந்த வீழ்ச்சி எவ்வளவு வேகமானது என்பதைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டிய அவசியம் முதலில் யாருக்கு ஏற்பட்டது என்றால், இன்ஷ்யூரன்ஸ்காரர்களுக்கு. ஒரே ஆண்டில் எதிர்பாராத அளவுக்கு நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் வந்து குவிந்து கம்பெனி திவாலாகும் வாய்ப்பு என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஸ்டாக்ஹோமில் காப்பீட்டுக் கணிதப் பேராசிரியராக இருந்த ஹரால்ட் கிராமெர் 1938இல் இதற்கு ஓர் அழகான தேற்றத்தைத் தந்தார். நாணயம் போன்ற எளிய விஷயங்களோடு நின்ற அந்தத் தேற்றத்தின் எல்லையை, 1966இல் வெளியிட்ட கட்டுரையில் வரதன் விஸ்தரித்தார். பிறகு மன்றோ டான்ஸ்கர் என்ற கணிதரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் அதை ஒரு முழுச் சாஸ்திரமாகவே ஆக்கினார். பெரும் விலகல்கள் என்று பெயர் பெற்ற அந்தச் சாஸ்திரத்தை இன்று பௌதிக விஞ்ஞானியும், செய்தித்தொடர்புப் பொறியாளரும், பணச்சந்தைக் கணக்காளரும் பயன்படுத்துகிறார்கள். பிரயோகத்துக்கென்று வந்து, சுத்தத்தில் மூழ்கி, மூழ்கி எழுந்தபோது கையில் பிரயோகத்தோடு நின்றார் அவர். முதல் நாளே எந்தப் பிரிவு என்று கேட்பது எவ்வளவு அர்த்தமற்றது என்பது இதனால் விளங்கும்.

பாராநகரில் அந்த நால்வர் கூடிப் படித்த காலத்தை ஒட்டி, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் இதைப்போன்ற ஒரு நற்காரியம் நடந்துகொண்டிருந்தது. சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் போதித்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ராசீன், தம் மாணவர்களுள் சூட்டிகையானவர்களை அங்கே போகும்படி தூண்டினார். அப்படி 1953இல் போனவர்கள் தண்டரையில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், காஞ்சீபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும். கணிதப் பகுதிக்குத் தலைமை வகித்த கே. சந்திரசேகரன் அங்கே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். லோரான் ஷ்வார்ட்ஸ், ஸீகல் போன்ற மகா கணிதர்களை அந்நிய நாடுகளிலிருந்து வரவழைத்து, வாரக்கணக்கில் சொற்பொழிவு நிகழ்த்தச் செய்வார். சொற்பொழிவை நூலாக எழுதும் பொறுப்பு மாணவர்களுடையது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது குமாஸ்தா வேலை. ஆனால் பேராசிரியர் கரும்பலகையில் இது தெளிவு என்று சொல்லித் தாண்டிப் போன இடத்தை எழுத உட்காரும்போதுதான், அது எவ்வளவு தெளிவில்லாதது என்பது மாணவனுக்குப் புலப்படும். அந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்துகொண்டால் பாதி ஆராய்ச்சியாளன் ஆகிவிட்டான் என்பது என் அபிப்பிராயம். நரசிம்மனும் சேஷாத்ரியும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் அவர்கள் இருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. பிற்காலத்தில் சென்னையில் ஒரு கணித நிலையத்தைத் தோற்றுவித்து, இளநிலைப் பட்ட மாணவர்களையும் ஆராய்ச்சியாளர்களுக்கு நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தார் சேஷாத்ரி. சிறுசேரியில் இன்றும் அது நடந்து வருகிறது.

இந்தப் பழங்கதைகளைச் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இன்று உபகாரச் சம்பளத்துக்கு நம் நாட்டில் பெரும் பஞ்சம் என்று சொல்ல முடியாது. நூல்களும் கட்டுரைகளும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பஞ்சம் கூட்டாளிகளுக்குத்தான். தரமணியிலும் சிறுசேரியிலும் உள்ள கணித நிலையங்களில் இருப்பவனுக்குப் பேச நாலு பேர் உண்டு. ஒரு மாவட்டத் தலைநகரின் கல்லூரியில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்ட பெண்ணின் நிலை என்ன? அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அந்த ஊரில் அவளுடைய கைடு ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கும் விடைத்தாள் திருத்துவதும் தணிக்கைக் குழுவுக்கு அறிக்கை தயாரிப்பதும் போக மிஞ்சும் அவகாசம் சொற்பம். வீட்டிலோ, "இன்னுமா படிச்சிக்கிட்டு இருக்கே?" என்ற கேள்வி வாசலிலேயே காத்திருக்கிறது. இதற்கு நடுவில் இத்தனை கட்டுரைகள் அச்சேறியிருக்க வேண்டும் என்ற விதி வேறு. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். நேற்று ஒருவர் எழுதிய தேற்றத்தில் ஒரு நிபந்தனையை லேசாக மாற்றி இன்று மறுபடியும் எழுதுவது பெரிய கஷ்டமன்று. அதைச் செய்பவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அப்படிச் செய்யும்படி விதி செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கும் கணிதத் துறைத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். ஒரு வகுப்பறையைப் பூட்டாமல் விட்டு, கரும்பலகையைத் துடைத்து, ஒரு பெட்டி சாக்குக்கட்டியை வையுங்கள். பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலுள்ள ஆராய்ச்சி மாணவர்களையும் வரச்சொல்லி, வாரம் ஒருவராகத் தாம் படித்ததை மற்றவர்களுக்குச் சொல்லும்படி செய்யுங்கள். விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வருகைப் பதிவேடு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பவும் வேண்டாம். பேசுகிறவர் ஒன்றரை மணி நேரம் பேசினாலும், முடியும்வரை யாரும் எழுந்து போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.